பிள்ளைக்குச் சிகிச்சை, வீட்டுக்குப் பயிற்சி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே இருக்கும், பொறுத்தருள்க.)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே "அனல்மின் நிலையங்களில் தானியங்கிக் கட்டுப்பாடு" என்று அச்சாகியிருக்கிறது. நானும் அதற்குத்தான் ஒப்புக்கொண்டேன். போன வாரம் செயலாளரைக் கூப்பிட்டு, "அண்ணே, தலைப்பை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "மைக் உன் கையில இருக்கு, என்ன வேணா பேசு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, அதுக்குள்ள முடிச்சிடு" என்றார். ஆகவே கன்ட்ரோல் ரூம் கொஞ்சம் வரும். ஆனால் பேசப்போவது என் வீட்டைப் பற்றி.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். அந்தச் செய்தியை ஜீரணிப்பதற்கே எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. பேச்சு குறைவு என்பதை ஏற்றுக்கொண்டோம். வேறு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடாததையும் ஏற்றுக்கொண்டோம். ஆறரை வயதில் அவன் தன் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். அதை ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தடுக்கவும் தெரியவில்லை. நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் நிரந்தரமாக இருந்தது. தடுக்கப் போனால் கடிப்பான். சித்திரை வெயிலிலும் என் மனைவி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவாள். கையில் பல் பதிந்த தடங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். நான் மனைவியை அடிக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை.

சிகிச்சைக்குப் போகாமல் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 45 நிமிஷம். ஒரு சென்டர், பெயர் வேண்டாம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். பிள்ளையை வாசலில் ஒப்படைத்துவிட்டு நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கேட்டால், "நீங்க வந்தா அவன் கவனம் சிதறும் சார்" என்பார்கள். உள்ளே அவன் சமர்த்தாக மணிகளைக் கோர்ப்பான், வட்டத்தையும் சதுரத்தையும் பிரித்து வைப்பான். அந்தத் தாள்களையெல்லாம் ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தலை சுவரில்.

ஒருநாள் நைட் ஷிஃப்டில் பொழுது போகாமல் கணக்குப் போட்டேன். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 9 மணி என்று வைத்தால் 63 போக மீதி 105. அதில் சென்டரில் கழிவது இரண்டேகால் மணி. அதாவது விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. மற்ற தொண்ணூற்றெட்டு பங்கும் எங்களோடு. எங்களுக்கோ எவரும் எதையும் சொல்லித்தரவில்லை. நூற்றுக்கு இரண்டு பங்கு நேரம் சரியாக ஓடுகிற பாய்லரை எந்த இன்ஜினியராவது ஏற்றுக்கொள்வாரா?

இதற்கிடையே எங்களிடம் வந்து சேர்ந்த யோசனைகளைச் சொன்னால் தனி மலரே போடலாம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று ஒரு விளம்பரம். நிலத்தை விற்கலாமா என்று என் அப்பாவே கேட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. நல்லவேளை, நிலம் தப்பியது.

கடைசியில் ஒரு மனநல மருத்துவர், "இதுக்கு வாரம் மூணு நாள் வந்துபோறது போதாது. குடும்பத்தோட வந்து ஐந்து வாரம் தங்குங்க" என்றார். குழந்தையைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "குழந்தையை மட்டும் நாங்க சேர்க்கிறதில்ல. அம்மா அப்பா, கூட வீட்ல யார் யார் அவனைப் பார்த்துக்கிறாங்களோ அவங்களும் வரணும்." எனக்கு அது புதுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பது நமக்குத் தெரியும். ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வருவது, மருந்துச்சீட்டோடு ஓடுவது. இங்கே துணைக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அட்மிஷன்.

பிறகு படித்துப் பார்த்ததில், இது நம் நாட்டில் பழைய வழக்கம் என்று தெரிந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரை அங்கேயே தங்கவைத்தார். மேல்நாடுகளில் மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே பரவலான வழக்கமாக இருந்த காலம் அது. 1957-இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. அங்கேயும் உறவினர் உடன் தங்குவதை முறையாகவே ஆக்கினார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை வைத்து அங்கே ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். குழுவாக உட்கார்ந்து பேசிப் பயிற்சி பெற்ற பெற்றோரிடம் பிள்ளையைப் பார்க்கிற மனப்போக்கு மாறியதாக 1999-இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் அது வெளிவந்தது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமோ, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவரோ அவர் நியமிக்கும் ஒருவரோ இருக்கும் நாள் முழுக்கக் கூடவே தங்கியாக வேண்டும் என்கிறது. அமிர்தசரஸில் இடநெருக்கடிக்கு நடுவே செய்தது இன்று சட்டம்.

சரி, நாங்கள் போய் இறங்கியதைச் சொல்கிறேன். நான், மனைவி, மகன், என் அம்மா. நான்கு வயது மகளை மாமனார் வீட்டில் விட்டோம். அதுவும் ஒரு தப்பு, பிறகு சொல்கிறேன். ஒரு சின்ன அறை, ஓரமாக ஸ்டவ் வைக்க ஒரு மேடை, வராந்தாவில் பொதுக் குழாய். நம் ஹாஸ்டலின் முதல் வருஷ பிளாக்கை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். மெஸ் மட்டும் அங்கே கொஞ்சம் பரவாயில்லை.

முதல் இரண்டு நாள் அவனுடைய நடத்தையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. காது பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், மலச்சிக்கல் இருக்கிறதா, தூக்கம் எப்படி, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார்கள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி உள்ளே சீழ் கட்டியிருந்தது. எத்தனை மாதமாக என்று தெரியாது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதினால், முதலில் வலியைத் தேட வேண்டும் என்றார் டாக்டர். மூன்று வருஷமாக நாங்கள் பார்த்த ஒருவருக்கும் அவன் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பல்லைப் பிடுங்கிய பிறகு மோதல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தார்கள். மூன்று பத்தி போட வேண்டும். முதல் பத்தியில் மோதுவதற்கு முன் என்ன நடந்தது, நடுவில் அவன் என்ன செய்தான், மூன்றாவதில் அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். "கோபத்துல மோதினான்னு எழுதாதீங்க. கோபம் உங்க கண்ணுக்குத் தெரியாது. கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க" என்றார் சைக்காலஜிஸ்ட் அம்மா. அதுவரை வீட்டில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே இருங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். டேட்டா லாகிங்! நமக்குத் தெரிந்த வேலை.

பத்து நாளில் 61 வரிகள் சேர்ந்தன. அதில் 38 வரிகளில் முதல் பத்தி ஒன்றுபோலவே இருந்தது. அவனை ஏதோ ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறோம், அல்லது அவன் செய்துகொண்டிருந்ததை நிறுத்தியிருக்கிறோம். அது போகட்டும். மூன்றாவது பத்தியைப் பார்த்தால் 44 வரிகளில் ஒரே விடை: "போன் கொடுத்தோம்."

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அலாரம் அடித்தால் ஆபரேட்டர் முதலில் செய்வது, அக்னாலட்ஜ் பட்டனை அமுக்குவது. சத்தம் நின்றுவிடும். பேரிங் சூடாகிக்கொண்டே இருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு டிரெய்னிக்கும் இதற்காக நானே திட்டு கொடுத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு வருஷமாக நான் செய்தது அதேதான். பிள்ளை தலையை மோதினான், நான் போனைக் கொடுத்தேன், சத்தம் நின்றது. ஒரு படி மேலே போய், மோதினால் சொன்ன வேலையிலிருந்து விடுதலை, கூடவே போனும் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அவன் பிடிவாதக்காரன் அல்ல, நல்ல மாணவன். சொல்லிக்கொடுத்ததைக் கற்றுக்கொண்டான்.

அந்த அம்மா எங்களைக் குற்றம் சொல்லவில்லை. "உங்க இடத்துல நான் இருந்தாலும் போனைத்தான் கொடுத்திருப்பேன்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அவனுக்கு 'போதும்'னு சொல்லணும்னா, எப்படிச் சொல்லுவான்?" நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வழியே இல்லை. பசி, தண்ணீர், போன் மூன்றுக்கும் சைகை இருந்தது. போதும், வேண்டாம், கொஞ்சம் பொறு என்பதற்கு எதுவும் இல்லை. அவனிடம் இருந்த ஒரே சொல் சுவர்.

இதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. 1985-இல் கார், டுராண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது. பிள்ளை அந்த நடத்தையால் எதைப் பெறுகிறது என்று கண்டுபிடி, அதையே பெறுவதற்கு எளிதான வேறொரு வழியைக் கற்றுக்கொடு. இரண்டு வழியில் எது சுலபமோ அதைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு உள்ளங்கை அகல அட்டை ஒன்று, அதில் விரித்த கையின் படம், கீழே "போதும்" என்று எழுத்து. ஒரு தட்டில் ஐந்து பட்டாணி வைத்து டப்பாவில் போடச் சொல்ல வேண்டும். இரண்டாவது பட்டாணியிலேயே, அவன் கை சுவரைத் தேடும் முன்பாக, பின்னால் இருந்து ஒருவர் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க வைக்க வேண்டும். கொடுத்த மறு விநாடி, "போதும்! சரி, போதும்" என்று தட்டை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. காலையில் நான், மத்தியானம் மனைவி, சாயங்காலம் அம்மா. இன்டென்சிவ் என்ற வார்த்தைக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. பட்டாணி, தட்டு, அட்டை, அப்புறம் யாராவது ஒருவர் எப்போதும் தயாராக இருப்பது.

"அப்ப அவன் எல்லாத்துக்கும் போதும் போதும்னு அட்டையைக் காட்டி எந்த வேலையும் செய்ய மாட்டானே" என்று நான் கேட்டேன். "காட்டட்டும். முதல்ல அந்த வார்த்தைக்கு மரியாதை கொடுங்க. பட்டாணியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அப்படித்தான் நடந்தது. மூன்றாவது வாரத்தில் மூன்று பட்டாணி, பிறகு ஐந்து, பிறகு பல் விளக்குவது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார்கள்.

நடுவில் ஒரு கண்டம் இருந்தது. போன் கொடுப்பதை நிறுத்திய நாலைந்து நாள். அணையப் போகிற விளக்கு ஓங்கி எரியும் என்பார்களே, அதுபோல. இதுநாள்வரை பலித்த வித்தை பலிக்காவிட்டால், பிள்ளை அதை விடுவதற்கு முன் இரண்டு மடங்கு செய்து பார்க்குமாம். முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு. தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைக்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது, திட்டக் கூடாது, சமாதானமும் சொல்லக் கூடாது, அட்டையை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் ஐம்பது நிமிஷம். இதை ஆஸ்பத்திரியில் நர்சுகளும் டாக்டரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது செய்ததால்தான் எங்களால் முடிந்தது. தயவுசெய்து யாரும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். தன்னைத் தானே காயப்படுத்தும் பிள்ளை விஷயத்தில் அது ஆபத்து.

அந்த ஐந்தாவது நாள் சாயங்காலம் அவன் திடீரென்று அமைதியாகிவிட்டான். ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று அறைக்குள் போனால், கட்டிலுக்குப் பின்னால் பாட்டியும் பேரனும். அவன் கையில் போன். அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "என்னால பார்க்க முடியலடா. புள்ள செத்துப்போயிடுவான்டா." நான் கத்தினேன். வராந்தா முழுக்கக் கேட்கும்படி பெற்ற தாயைத் திட்டினேன். நாலு பேர் கையில் ஒரே வால்வு இருந்தால் எந்த லூப்பும் நிலைக்கு வராது என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் சைக்காலஜிஸ்ட் அம்மாதான் என் தாயாரை உட்காரவைத்துப் பேசினார். லாட்டரிச் சீட்டு உதாரணம் சொன்னார். நம் மாநிலத்தில் 2003-இல் தடை செய்யும்வரை எத்தனை குடும்பங்கள் அதில் அழிந்தன என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தினமும் விழுந்தால் அது லாட்டரி இல்லை, என்றைக்குமே விழாவிட்டால் ஒருத்தரும் வாங்க மாட்டார். எப்போதோ ஒருமுறை விழுவதால்தான் மனுஷன் விடாமல் வாங்குகிறான். "பாட்டி, நீங்க அஞ்சு நாளுக்கு ஒரு தடவை போன் கொடுத்தா, அவன் அஞ்சு நாளும் மோதுவான். உங்க பாசத்துக்குத்தான் மோதுறான்." என் அண்ணன் ஒருவர், அம்மாவின் தம்பி மகன், லாட்டரியில் கடையை இழந்தவர். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. அதற்குப் பிறகு எங்களில் மிகக் கண்டிப்பானவர் அம்மாதான். என்னையே அதட்டுவார்.

மருந்தும் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ரிஸ்பெரிடோன், சிறிய அளவில். ஆட்டிசத்துக்கு அது மருந்து அல்ல, ஆவேசத்தைத் தணிக்கத்தான். பசியும் எடையும் கூடும், அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

அந்த வார்டில் நான் எதிர்பார்க்காதது, எங்களுக்கென்று ஒதுக்கிய நேரம். என் மனைவியை ஒரு டாக்டர் தனியாகப் பார்த்து, இவர் இரண்டு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை, கடுமையான மனச்சோர்வு இருக்கிறது என்றார். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா நீங்க தூங்கறீங்க. அவங்க ஷிஃப்ட் எப்ப முடியுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாக்கள் கூட்டம். பதினோரு குடும்பங்களில் அப்பாக்கள் வந்தது நாலு பேர். ஒருவர் நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர், ஒருவர் ஜவுளிக்கடை ஊழியர், ஒருவர் ஆந்திராவிலிருந்து வந்த விவசாயி, அப்புறம் நான். முதல் கூட்டத்தில் நாலு பேரும் கிரிக்கெட் பேசினோம். இரண்டாவது கூட்டத்தில் லாரிக்காரர், "எம் பையன் என்னை அடிச்சா வலிக்கல சார். பஸ்ல நாலு பேர் பார்க்கிறாங்களே, அதுதான் வலிக்குது" என்றார். மீதி மூன்று பேரும் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. ஆம்பளைகள் வராததற்குக் காரணம் மனசில்லாமை மட்டும் அல்ல. லீவு கிடைக்காது. மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு 730 நாள் உண்டு. மனைவியை இழந்த, பிரிந்த ஆண் ஊழியர்களுக்கும் உண்டு. மனைவி இருக்கிற ஆணுக்கு இல்லை. அதாவது வீட்டில் பெண் இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறோம். நான் தனியார் கம்பெனி. மூன்று வாரம் ஈட்டிய விடுப்பு, இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. அந்த வருஷம் புரமோஷன் போயிற்று. போகட்டும்.

மகளைப் பற்றிச் சொன்னேனே. மாமனார் வீட்டில் அவள் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். போனில் என்னோடு பேச மாட்டாள். "அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, குடும்பம் என்றால் அவளும்தானே" என்று கேட்டார்கள். நாலாவது வாரம் வரவழைத்தோம். வந்த இரண்டாம் நாள், அவளாகவே அண்ணனின் அட்டையை எடுத்து, அம்மாவிடம் நீட்டி, "எனக்கும் போதும்" என்றாள். இட்லி போதுமாம்.

இங்கே வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வு. சிறு பிள்ளைகள் 19 பேருக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு மேல் பயிற்சி. அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் மற்ற பிள்ளைகளைப் போல முதல் வகுப்பு முடித்தார்கள் என்று எழுதினார். அந்த 9-ஐ வைத்துக்கொண்டுதான் இன்றும் விளம்பரங்கள் ஓடுகின்றன. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கவில்லை என்பது அதன் மேல் உள்ள ஒரு குறை. அதட்டுவதும் தொடையில் அறைவதும் அந்தக் காலத்து முறையில் சேர்ந்திருந்தன என்பதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். இன்னொரு பக்கம், ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களே எழுதுகிறார்கள்: எங்களை மற்றவர்களைப் போலக் காட்டுவதற்காகச் செய்த பயிற்சி எங்களுக்குக் காயமாக நிற்கிறது என்று. அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இதைப் பேச எனக்கு உரிமை இல்லை. என் மகன் சந்தோஷம் வந்தால் கையை உதறுவான், குதிப்பான். அதை நிறுத்தவா என்று நான் கேட்டபோது, "அதனால் யாருக்கு அடிபடுகிறது?" என்று கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் உதறட்டும். இன்றும் உதறுகிறான்.

இதற்கெல்லாம் பெரிய நகரம், பெரிய டாக்டர், பெரிய பணம் வேண்டுமோ என்று தோன்றும். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். டாக்டரோ சைக்காலஜிஸ்டோ இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வு, மொத்தம் 65 பிள்ளைகள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசக் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகள் தாமாகவே பேச்சைத் தொடங்குவது கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் என்று இல்லை. பிள்ளையும் பெற்றோரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைப்பது குறைந்திருந்தது, அதையும் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை. நூற்றுக்கு நூறு என்று வரும் டெஸ்ட் ரிப்போர்ட்டை நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வீடு திரும்பியதும் எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மாதம் பாதி கலைந்துபோயிற்று. தீபாவளிக்கு வீட்டில் பதினான்கு உறவினர்கள், வெடிச்சத்தம், யாரோ ஒரு சித்தப்பா போனை நீட்டினார். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தலை சுவரில். மறுபடி நோட்டை எடுத்தோம், மறுபடி மூன்று பத்தி. மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து நோட்டைப் படிக்கச் சொல்வார்கள். அந்தப் போன் இல்லாவிட்டால் நாங்கள் பழைய நிலைக்கே போயிருப்போம். பள்ளி ஒன்று, பெயர் வேண்டாம், "மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க" என்று டி.சி.யைக் கொடுக்கப் பார்த்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன என்பதையும், பாகுபாடில்லாமல் கல்வி தர வேண்டும் என்பதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறான். ஆசிரியையின் மேசையிலும் ஒரு "போதும்" அட்டை இருக்கிறது. அவனைத் தவிர இன்னும் இரண்டு பிள்ளைகள் அதை உபயோகிப்பதாகச் சொன்னார்.

போன மாதம் நோட்டில் நாலு வரி. குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு அந்த நாலைத்தான் சொல்கிறேன். மாதத்துக்கு நூற்றெண்பதாக இருந்தது நாலு. பேச்சு இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். என் மனைவி அரைக்கைச் சட்டை போடுகிறாள்.

இந்தக் கூட்டத்தில் கம்பெனிகளில் பெரிய பதவியில் இருப்பவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு ஊழியர் வந்து, "பையனோட ஆஸ்பத்திரியில ஐந்து வாரம் தங்கணும் சார்" என்று கேட்டால், அவனுடைய அம்மா இல்லையா என்று கேட்காதீர்கள். என்னிடம் கேட்டார்கள். தம்பி தங்கைகளே, நம் வகுப்பில் யாராவது வீட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஒருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். என்னோடு படித்த ஒருவன் அப்படி இருந்தான், அவனுக்கு இப்படி ஒரு தங்கை இருந்தது என்று பன்னிரண்டு வருஷம் கழித்து, நான் என் மகனைப் பற்றிச் சொன்ன பிறகுதான் என்னிடம் சொன்னான். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறான். இதைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த நோட்டின் முதல் பத்து நாள் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன், இருபது காப்பி இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, அண்ணன் தங்கை வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு வொர்க்‌ஷாப் வாசல் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். எல்லோர் முன்னாலும் வரச் சங்கடமாக இருந்தால் 14416 என்று குறித்துக்கொள்ளுங்கள், டெலி மானஸ், 2022-இல் தொடங்கிய அரசாங்க இலவச மனநல எண், தமிழில் பேசலாம். எந்த ஊரில் எங்கே போவது என்று அவர்களைக் கேட்கலாம். நான் நாலு மணி வரை மரத்தடியில்தான் இருப்பேன்.